பை வைக்காதே என்றார் மேனேஜர்

நாலாயிரத்து எண்ணூறு. இந்த எண்ணை மறக்காதீர்கள். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, பெயர் வேண்டாம், தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு நாளைக்குத் தைத்த சட்டைப் பைகள் அத்தனை. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு மணிக்கு ஐம்பது, எட்டு மணி நேரம். சந்தேகம் இருந்தால் பெருக்கிப் பாருங்கள்.

அங்கே வேலை பார்த்தவர்கள் அறுநூற்றுப் பதினெட்டுப் பெண்கள். அவர்கள் போட்டிருந்த ஓவர்கோட்டில் ஒரு பை கூடக் கிடையாது.

கம்பெனி கொடுத்த கோட்டு அது. நீலம், முழங்கால் வரை, முன்னால் பட்டன். பை வைத்தால் ஊசி போகும், லேபிள் போகும் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. மேனேஜர் ஸ்ரீரங்கனின் வெள்ளைக் கோட்டில் மட்டும் மூன்று பை. அவர் எதைக் கொண்டுபோனார் என்று யாரும் தடவிப் பார்த்ததில்லை.

நான் யூனியன்காரன், அந்த கேட்டில் நோட்டீஸ் கொடுத்தவன். பதினாலு கோரிக்கை அச்சடித்திருந்தோம். கேன்டீன், பஸ், ஓவர்டைம், எல்லாம் இருந்தது. பை இல்லை. எனக்குத் தோன்றவில்லை. காரணம் எளிது, என் சட்டையில் பை இருந்தது. தோன்றியது சித்திகாவுக்கு. அதனால் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

சித்திகா பொழிச்சலூர்ப் பெண். அவளுடைய அத்தா அயூப் பம்மல் மெயின் ரோட்டில் நூல், பட்டன், லேஸ் விற்கும் கடை வைத்திருந்தார். அவள் நகரத்தில் ஒரு கல்லூரியில் ஃபேஷன் டிசைன் கடைசி வருஷம். "டெய்லரிங்கு மூணு வருஷமாம்மா? என் கடைக்கு வர்றவன் மூணு மாசத்துல கத்துக்கினான்" என்பார் அயூப். "அவன் தெக்கிறான். நா ஏன் தெக்கணும்னு படிக்கிறேன் அத்தா" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே அவளுக்கு இன்னொரு பெட்டி பட்டன் எடுத்துக் கொடுப்பார்.

படிப்பு முடிய ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். மேனேஜர் சர்ட்டிபிகேட் கொடுத்தால்தான் கடைசிக் கண்காட்சியில் இடம். இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீண், மறுபடி முதலிலிருந்து. இப்படித்தான் அவள் ஸ்ரீரங்கனின் கம்பெனிக்குள் வந்தாள்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வரும்போது பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து வரைவாள். புடவை மாடல் இல்லை, சல்வார் கழுத்து இல்லை. யார் எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வரைவாள். ரயில் பாஸ் டிபன் பையில். சில்லறை முந்தானை முடிச்சில். கர்சீப் இடுப்பில். ஊக்கு தாலிச் சரட்டில். ஒரு பக்கத்தின் அடியில் எழுதியிருந்தாள்: "உடுப்பு என்பது அழகு என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆம்பளை உடுப்பில் கை நுழைய இடம் இருக்கிறது. எங்கள் உடுப்பில் பார்க்க மட்டும்தான் இருக்கிறது." இதை நான் பிறகு படித்தேன். பதினாலு கோரிக்கை எழுதிய என் பேனாவுக்கு இது வரவில்லை.

வந்த மூன்றாவது வாரம் ஸ்ரீரங்கன் கூப்பிட்டார். துணி வாங்கும் ஜெர்மன்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். பழைய கோட்டு வெளுத்துப் போய்விட்டது.

"புதுசா ஒரு கோட்டு டிசைன் பண்ணுங்க சித்திகா. காலர் வைங்க, ஓரத்துல கலர் பைப்பிங் வைங்க. ஸ்மார்ட்டா இருக்கணும்."

"பாக்கெட் வைக்கலாமா சார்?"

"அது மட்டும் வேண்டாம். திருட்டு."

சித்திகா விடவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஒரு மாதிரிக் கோட்டோடு சாப்பாட்டு நேரத்தில் பை செக்‌ஷனுக்குப் போனாள். அந்தப் பன்னிரண்டு பெண்களில் மூத்த கை பச்சையம்மா. மூத்த கை என்றால் கிழவி இல்லை, இருபத்தாறு வயசு. படப்பையிலிருந்து பஸ்ஸில் வருபவள். அவள் வாய்க்கு சூப்பர்வைசரே சுற்றி நடப்பான்.

"இன்னா மேடம் இது, கொசுவல மாரி கீது?"

"நெட் கிளாத் அக்கா. பாக்கெட்டு. உள்ள இருக்கிறது வெளிய தெரியும். அப்போ செக்யூரிட்டி உங்களத் தடவிப் பாக்க வேணாம், மேனேஜரும் ஒத்துப்பாரு."

பச்சையம்மா பைக்குள் விரலை விட்டு ஆட்டினாள். "மெய்தாம்மே. எங்க வூட்ல எலுமிச்சம்பயம் இதுலதான் தொங்குது."

"கண்ணாடித் தொட்டில மீனு தெரியறாப்பல நம்ம சீப்பும் பவுடரும் தெரியும்டி" என்றாள் பக்கத்து மெஷின் தையல்நாயகி. "சூப்பர்வைசரு வேலய உட்டுட்டு நின்னு எண்ணுவான்."

"பொரி போடச் சொல்லு அவன!"

செக்‌ஷனே சிரித்தது. சித்திகாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்படி என்னக்கா வைக்கப் போறீங்க? பாஸ், மாத்திரை, கர்சீப். தெரிஞ்சா என்ன?"

பச்சையம்மா டிபன் பாக்ஸை மூடினாள்.

"மாசத்துல மூணு நாளு துணி மாத்தணும் மேடம். அதயும் கொசுவலைல போட்டுக்கினு லைன் நடுவுல நடக்கறதா?"

விஷயம் இதுதான். எழுத எனக்குக் கூச்சம் இல்லை. கைப்பை உள்ளே வரக்கூடாது, கேட்டில் ஷெல்ஃபில் வைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டியவள் சூப்பர்வைசரிடம் டோக்கன் கேட்டு, கேட்டுக்குப் போய், வாட்ச்மேன் முன்னால் பையைத் திறந்து, கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு முழு லைனையும் தாண்டி வர வேண்டும். அறுநூற்றுப் பதினெட்டுப் பேரின் தேதியும் வாட்ச்மேனுக்குத் தெரியும்.

அன்று ரயிலில் சித்திகா நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினாள்: "நான் இவர்களுக்கு டிசைன் செய்யவில்லை, வாட்ச்மேனுக்கு டிசைன் செய்திருக்கிறேன்." நெட் துணி வண்டி ஜன்னல் வழியாகக் குரோம்பேட்டையில் பறந்தது.

மறுநாள் துணிப் பை வைத்த கோட்டை வரைந்துகொண்டு மேனேஜரிடம் போனாள். காரணத்தையும் சொன்னாள், நேராகவே சொன்னாள். ஸ்ரீரங்கன் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்தபடி கேட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துப் படத்திலிருந்த பையின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"டிசைன் உங்களோடது. டிசிப்ளின் என்னோடது. சனிக்கிழமை நம்ம லைன்லயே போட்டு முடிச்சிடுங்க, நீங்களே நின்னு பாத்துக்கணும். செவ்வாய்க்கிழமை அவங்க வராங்க. இந்தப் படத்துல இல்லாதது ஒண்ணு கோட்டுல இருந்தா, சர்ட்டிபிகேட்ட நீங்க மறந்துடலாம்."

சனிக்கிழமை காலை. கட்டிங் மாஸ்டர் கரீம் துணியை அடுக்கி வெட்டிக் கட்டுக் கட்டாக அனுப்பினார். எக்ஸ்போர்ட் லைனில் ஒருத்தி முழு உடுப்பையும் தைப்பதில்லை. காலர் ஒருத்தி, கை ஒருத்தி. கட்டு வரிசையாக ஒவ்வொரு மேஜையாக நகரும். இடது முன்பக்கம் பச்சையம்மாவின் செக்‌ஷனைத் தாண்டித்தான் போகும். அன்றைக்கு அவர்களுக்கு வேலை இல்லை, தள்ளிவிட வேண்டியதுதான்.

சித்திகா லைன் கடைசியில் நின்றாள். முதல் கோட்டு வந்தது. காலர் சரி, பைப்பிங் சரி. நெஞ்சில், இடது பக்கம், சட்டையில் இருப்பதுபோலவே ஒரு பை.

ஓடினாள்.

"அக்கா! இதுல பாக்கெட்டு இல்ல!"

"கீதே மேடம். நல்லா பாரு."

"படத்துல இல்லக்கா!"

"எட்டு வருசமா லெஃப்டு ஃப்ரண்ட்டு வந்தா பாக்கெட்டு வக்கிற கை. பயக்கதோசம். நா இன்னா பண்ணட்டும்? கையாண்ட நீயே சொல்லு."

"பாக்கெட்டு துணி எங்கேர்ந்து வந்துது?"

"அத கரீம் பாயக் கேளு."

கரீம் தலையைத் தூக்கவே இல்லை. "கட்டிங் மெஷினுக்கும் பயக்கதோசந்தாம்மா. வேஸ்ட்டு மூட்டைக்குப் போற துணி, பாவம்னு வெட்டிச்சு."

பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று முடித்திருந்தார்கள். பன்னிரண்டு பை. இங்கேயே நிறுத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கையைத் தூக்கினால் லைன் நிற்கும். சித்திகா ஒரு கையில் சிவப்புப் பெருக்கல் போட்ட படத்தையும் மறு கையில் கோட்டையும் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு நெஞ்சுப் பைக்குள் கையை விட்டாள். எடுத்தாள். இன்னொரு தரம் விட்டாள்.

"இங்க வேணாம் அக்கா."

"சர்தான்" என்றாள் பச்சையம்மா. குரல் இறங்கிவிட்டது. "உனுக்கும் பொயப்பு கீது. எடுத்துடறோம்."

"எடுக்கச் சொல்லல. இங்க வச்சா எடுக்கிறது வைக்கிறது எல்லாம் கண்ணுல படும். கீழ எறக்குங்க. இடுப்புக்குக் கீழ, சைடு தையல் ஓரமா. கை தொங்கினா தானா உள்ள போகணும்."

பச்சையம்மா மெஷினை நிறுத்தினாள். "மேடம், யோசிச்சிப் பேசு. மேல கீறதால்தான் அது பயக்கதோசம். கீழ வச்சா நாங்க அப்படி சொல்ல முடியாது. உன் தலைலதான் வுடியும்."

"விடியட்டும்."

அவள் பாக்கெட்டிலிருந்து, இல்லை, அவளுக்கும் பாக்கெட் இல்லை, துப்பட்டா முடிச்சிலிருந்து சாக் எடுத்துக் கோடு போட்டாள். ஒவ்வொரு கட்டிலும் அவளே போட்டாள். முதல் பன்னிரண்டைப் பிரித்தால் ஊசி ஓட்டை தெரியும். அதனால் அவற்றில் மேலே இருந்தது இருக்கட்டும், கீழேயும் ஒன்று வைக்கலாம் என்று முடிவானது. கரீமின் மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் பழக்கதோஷம் வந்தது. சாயங்காலம் நாலரைக்கு எல்லாம் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு கோட்டையும் பை செக்‌ஷனே எடுத்துக்கொண்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்ரீரங்கன் கத்தியது வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது. நானே கேட்டேன்.

"யார் வேலை இது?"

"பயக்கதோ..." என்று பச்சையம்மா ஆரம்பித்தாள்.

"நான்தான் சார்" என்றாள் சித்திகா. "சாக் மார்க் என்னோடது."

"பிரிங்க! எல்லாத்தையும் பிரிங்க!"

கரீம் ஒரு கோட்டை எடுத்து, பையைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பை இருந்த இடத்தில் சதுரமாக ஊசி ஓட்டைகள், எறும்பு வரிசை மாதிரி. "அறநூறு பேரும் இப்படிப் போட்டுக்கினு நின்னா, ஜெர்மன்காரன் ஒரே கேள்விதான் கேப்பான் சார். இங்க இன்னா இருந்துது, யாரு எடுத்தாங்கன்னு."

ஸ்ரீரங்கன் விரல் விட்டு நாளை எண்ணினார். புதுத்துணி வர பத்து நாள் ஆகும். பிரித்த அந்த ஒரு பையை அதே ஓட்டைகளில் ஊசி ஏற்றிப் பச்சையம்மா அரை நிமிஷத்தில் திரும்ப வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்களில் ஒரு வயசான அம்மாள் கோட்டைத் தொட்டுப் பார்த்து ஏதோ பாராட்டிச் சொன்னாள். ஸ்ரீரங்கன் தன் மூன்று பையில் ஒன்றில் கையை விட்டுக்கொண்டு, எல்லாம் தன் யோசனை என்பதுபோலத் தலையை ஆட்டினார். "அய்ய, மூஞ்சப் பாரு" என்றாள் தையல்நாயகி. தமிழில் சொன்னதால் விருந்தாளிகளுக்கு நஷ்டம்.

பாராட்டு வாங்கிய மனுஷனால் சர்ட்டிபிகேட்டை மறுக்க முடியவில்லை. கொடுத்தார். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "திறமை உண்டு, சொன்னதைக் கேட்கும் பழக்கம் இல்லை." சித்திகா அதையும் கண்காட்சியில் கோட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். சுற்றிலும் பட்டு, ஜரிகை, நடுவில் ஒரு நீலக் கோட்டு. தேர்வாளர் அம்மாள் இதில் என்ன ஸ்டைல் என்று கேட்டார். "கைய உள்ள விட்டுப் பாருங்க மேடம்" என்றாள். விட்ட கையை அந்த அம்மாள் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பாஸ்.

இப்போது தொண்ணூற்றொன்பது. சிட்லபாக்கத்தில் ஆறு மெஷின் போட்டு யூனிபார்ம் தைக்கிறாள். ஆர்டர் கொடுக்கும் முதலாளி, அந்த உடுப்பைப் போடப்போகும் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும், தனியாக வந்தால் அளவு எடுக்க மாட்டாள். பச்சையம்மா அங்கே பார்ட்னர். வாய் அப்படியேதான் இருக்கிறது.

என் பதினைந்தாவது கோரிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன்பே அவர்கள் தைத்து முடித்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை வைத்த பைகள், மொத்தம்: அறுநூற்று முப்பது.