மழை நாளைக் கழித்த கணக்கு

சாலைத்துறை அலுவலகத்தில் அவளுக்குச் 'சிடுமூஞ்சி' என்று பெயர். ஒரு சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகும், அந்த நேரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. வந்த நாளிலிருந்து அதே மூலை நாற்காலி, தலைக்கு மேல் அதே ஒழுகும் ஏ.சி. சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சராசரி நாளில் யார் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்? மோசமான நாளில் போய்ச் சேர முடியுமா என்பதல்லவா கேள்வி!

இந்த முறை பாலத்தடி ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு ஆபத்து. பாலத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தே வண்டி சீக்கிரம் வந்துவிடும் என்று கணக்குச் சொன்னால் அதை மூடிவிடுவார்கள். மழை பெய்தால் பாலத்தில் வண்டி நகராது என்றது அவள் கணக்கு. மேலதிகாரி என்ன செய்தார் தெரியுமா? மழை நாள், விபத்து நாள், ஊர்வல நாள் எல்லாவற்றையும் 'விதிவிலக்கு' என்று களையெடுத்துவிட்டு, அவள் கையெழுத்துக்கு அனுப்பினார். மிச்சமிருந்த நாட்களில் பாலத்தில் ஈ காக்காய் இல்லை.

அவள் அந்தக் கணக்கில் போன வருடத்துத் தேதி ஒன்றைத் தேடினாள். அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாள். பாலத்தடி வண்டி அன்று வேறு வீட்டுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி மழையில் பாலத்தின் மேலேயே நின்றது. அது வருவதற்குள் அப்பா போய்விட்டார். நிலையத்தை மூடினால் இனி எல்லாருக்கும் அதே கதிதான். அந்தத் தேதியே கணக்கில் இல்லை.

காகிதத்தோடு நேரே மேலதிகாரி அறைக்குப் போனாள்.

"என்னம்மா, கையெழுத்து போட்டாச்சா?"

"எங்கப்பா செத்த நாளைக் காணோம் சார்."

அவர் தடுமாறினார். "அது... அந்த மாதிரி நாளெல்லாம் சேர்த்தா கணக்கு கெட்டுப்போயிடும்மா."

"போகட்டும் சார்! நல்ல நாள்ல நாங்க ஆட்டோ பிடிச்சே போயிடுவோம். ஆம்புலன்ஸ் எதுக்கு?"

"சும்மா கத்தாதே. முடிவு மேல எடுத்தாச்சு. போட்டுக் குடு."

அவர் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்தாள். காகிதத்தின் குறுக்கே பெரிதாக எழுதினாள்: 'மழை நாளில் பாலத்துக்கு இந்தப் பக்கம் யாருக்கும் நெஞ்சு வலிக்கக் கூடாது.'

அதற்குக் கீழே, அப்பாவின் இனிஷியலோடு, கையெழுத்துப் போட்டாள்.