முதற்பலனாய்ப் போன ஹெல்மெட்

ஞானகுமாரி அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்மெட்டுக்கு உள்துணி தைக்கிறவர். நசரத்பேட்டையில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அவர் கணவர் பால்ராஜ் அண்ணனுக்குத் திருமழிசையில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. காது மிஷின் போட்டால் கேட்கும். அதன்மேல் ஹெல்மெட் ஏறினால் கீச்சென்று கத்தும்.

"மிஷின கழட்னா லாரி வர்றது தெரில. ஹெல்மெட்ட கழட்னா போலீசு புடிக்கிறான்," என்பார்.

அக்கா ஹெல்மெட்டைப் பிரித்து, காது படும் இடத்தில் ஸ்பான்ஜைக் குடைந்து கிண்ணம் போல ஒரு குழி தைத்தார். கீச்சு நின்றது.

"தம்பி, எங்க கம்பெனில எவனாச்சும் பாத்தா அவனுதுன்னுடுவான். என் பேர்ல பதிய முடியுமா?"

என் வேலையே பேட்டன்ட் தேடுவதுதான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். ஒரு பொருள் ஏற்கெனவே உலகில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை.

தேடத் தேட ஆவல் கூடியது. கூட்டத்தில் ஒருவர் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு, நேரே காதுக்கு வரும் ஃபோன் பேச்சு, காதிலிருந்தே நாடி பார்ப்பது என்று விண்ணப்பங்கள் போய்க்கொண்டே இருந்தன. கீச்சை அடக்கவும் எத்தனையோ வழிகள், ஆனால் நான் பார்த்தவை எல்லாம் மிஷினுக்குள்ளேயே. எழுதியவர்கள் காரில் போகிறவர்களோ என்னவோ. அக்காவின் குழி மாதிரி ஒன்று கண்ணில் படவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த இருவரிடமும் சொன்னேன். கூடவே கேட்டேன்: "இத வெளியில யாருக்கும் காட்டலியே, அக்கா?"

"யாருக்குக் காட்டப் போறேன்? மொத மொதல்ல தச்சத மட்டும் போன அறுப்பின் பண்டிகைக்குக் குடுத்தேன். முதற்பலன் கர்த்தருக்குத்தானே?"

"காணிக்கையெல்லாம் சபைல ஏலம் வுடுவாங்கல்ல, பூசணிக்காக்கு அப்பால அதான்," என்றார் அண்ணன். "எப்டி தச்சதுன்னு பாஸ்டரு மைக்ல சபைக்கே விளக்குனாரு. எங்க சபைப் பையன் ஜாபஸ் ஏலத்துல எடுத்துகினு போனான். அவனுக்குக் காது நல்லாத்தான் கீது."

நாலு பேர் அறியக் காட்டியதைப் புதிது என்று பதிய முடியாது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அக்கா முகம் சுருங்கியது. "சாமிக்குக் குடுத்தது கூடவா?"

"சபையே பாத்திருக்கே, அக்கா."

அண்ணன் உள்ளே போய்த் தன் ஹெல்மெட்டை எடுத்துவந்தார். "இதுல வேற வேல கீது நைனா. வெறும் குழி காத்துல ஊளை வுட்டுச்சு. அப்பால இவதான் இத வச்சா."

விரலை விட்டுப் பார்த்தேன். குழியிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து போகும் ஒரு துளை. துளையின் வாயில் கொசுவலைத் துணி.

"இப்ப காத்து கேக்கல, ஹாரன் கேக்குது," என்றார்.

"இத யாரு பாத்தாங்க?"

"என் மண்டதான்."

இது தேறுமா என்று எனக்கும் தெரியாது. மதியமே மறுபடி தேட உட்கார்ந்தேன். அக்கா மாடியேறி வந்து வாசலில் நின்றார்.

"விண்ணப்பம் போட்டப்பறம் காட்டலாமா தம்பி?"

"காட்டலாம், அக்கா."

"அப்ப பண்டிகைக்குள்ள போட்டுடு. இதுக்கு இன்னும் முதற்பலன் குடுக்கல."