தொண்டையைத் தேர்ந்தெடுத்தவர்

எங்கள் பேருந்துப் பணிமனையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை பார்த்ததால் உடம்பு கெட்டுவிட்டது என்று மருத்துவர் எழுதித் தந்தால், எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் முழு ஓய்வூதியம். ஆகவே ஐம்பதைத் தாண்டியவர்கள் ஆளுக்கொரு நோயைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஓட்டுநர்கள் என்றால் இடுப்பு. நடத்துநர்கள் முழங்கால். கணக்குப் பிரிவில் பெரும்பாலும் கண். பணியாளர் பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்ததால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: முழு உடம்போடு ஓய்வு பெற்றவர்கள் இருவர்தாம். ஒருவன் நான். இன்னொருவர் விண்ணப்பிக்க மறந்துவிட்டார்.

இவர்களில் யோசிக்காமல் தேர்ந்தெடுத்தவர் வெண்கலம் மட்டுமே. அது பட்டப்பெயர். பேருந்து நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. அவர் அதோடு நிறுத்தமாட்டார். "நாலாம் மேடை வண்டி கெளம்பப் போகுது. சிவப்புப் பை அம்மா, பிஸ்கட் அப்புறம் வாங்கலாம், முதல்ல ஏறுங்க!" என்பார். புதிதாக வந்த மேலாளர் இந்தக் கூடுதல் சேவைக்குத் தடை போட்டார். வெண்கலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குரல் போய்விட்டது என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

"ஏன்யா தொண்டை? இடுப்புன்னு போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இடுப்பை எல்லாருந்தான் போடுறாங்க சார். நமக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?" என்றார். அன்றோடு வாயை மூடிக்கொண்டார்.

இடுப்புக்காரர் நாலு பேர் பார்க்கும்போது மட்டும் குனிந்து நடந்தால் போதும். தொண்டைக்காரருக்கு விடுமுறையே கிடையாது. யாராவது "சௌக்கியமா?" என்றால் கையை ஆட்ட வேண்டும். காய்கறிக்காரர் எடையில் ஏமாற்றினால் முறைக்கத்தான் முடியும். வீட்டுக்குள் பேசலாம் என்றால், சுவர் மெல்லியது. அவர் குரலோ இரண்டு தெரு தாண்டும். ஆகவே மிக்ஸியை ஓடவிட்டு, அந்த இரைச்சலின் மறைவில் பேசுவார். இது அவர் மனைவி சொல்லித் தெரிந்தது; நான் நேரில் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏங்க்கா, உங்க வீட்ல தினமும் விருந்தா? எந்நேரமும் அரைச்சுக்கிட்டே இருக்கீங்களே?"

"விருந்தாவது! அரைச்ச மாவையேதாம்மா அரைக்கிறோம்."

வெண்கலத்தின் மனைவிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. கணவர் பேச்சு நீண்டால் சுவிட்சை அணைத்துவிடுவார். அவரும் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொள்வார். "கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் நான் ஆரம்பிச்ச பேச்சை நானே முடிக்கிறேன்" என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

இப்படி இருக்கும்போது ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார், குடையும் பழுப்புப் பெட்டியுமாக. வெண்கலத்தின் தொண்டையைச் சோதிக்கத்தான். பொய் என்று தெரிந்தால் ஓய்வூதியம் நிற்கும்; இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஆளை அடையாளம் காட்ட அதிகாரி என்னை அழைத்துப்போனார். "இவர்தானா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அதிகாரி கெட்டிக்காரர். நாற்காலியை இழுப்பதுபோல் இழுத்து, அதன் காலை வெண்கலத்தின் கால் கட்டைவிரல்மேல் வைத்து, அழுத்தி உட்கார்ந்தார். வெண்கலத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாயில் காற்றுதான் வந்தது. அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அதிகாரி மனம் இளகி, "குரல் இல்லை என்பது உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வழியனுப்ப நானும் வெண்கலமும் பேருந்து நிலையம்வரை போனோம். எதிரில் வந்த ஓய்வு பெற்ற ஓட்டுநர், இடுப்புக்காரர், பெரிய அதிகாரி என்றதும் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

புதிய அறிவிப்பாளர் எதையோ மென்றுகொண்டே, "ரெண்டாம் மேடை" என்றார். அதிகாரியின் வண்டி நின்றது ஐந்தாம் மேடையில். அதிகாரி குடையோடு இரண்டாம் மேடைக்கு ஓடினார். அங்கே ஒன்றும் இல்லை. ஐந்தாம் மேடையில் கடைசி வண்டி உறும ஆரம்பித்தது.

வெண்கலத்தின் உதடு துடித்தது.

"வேணாம். பேசாம இருங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

கையை உதறிவிட்டு அறிவிப்பு அறைக்குள் பாய்ந்தார்.

"குடை வெச்சிருக்கற ஐயா! உங்க வண்டி அஞ்சாம் மேடை! அங்க நின்னு என்னத்தைத் தேடுறீங்க, இந்தப் பக்கம் ஓடியாங்க! பெட்டியப் பத்திக் கவலைப்படாதீங்க, நம்ம இடுப்பு வலி டிரைவர் அப்பவே தூக்கிட்டு வந்துட்டாரு! வண்டிய நிறுத்துப்பா தம்பி, ஐயா பாவம், சுத்தி வர்றாரு!"

பழைய பயணிகள் கைதட்டினார்கள். அதிகாரி ஓடிவந்து படியில் ஒரு காலை வைத்தார். அப்படியே ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு இடுப்பு வலி ஓட்டுநர் தலைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். காலைக் கீழே எடுத்தார். வண்டி போய்விட்டது.

"அது யார் குரல்?" என்று என்னைக் கேட்டார்.

இந்தமுறை கேட்டுவிட்டார். சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஊரில் கைத்தடிக்குத் தட்டுப்பாடு. இடுப்புகளும் முழங்கால்களும் தெருத் தெருவாக நொண்டின.

வெண்கலத்துக்கு உத்தரவு வந்தது. ஓய்வூதியம் ரத்து, வாங்கிய பணம் கழியும்வரை பாதிச் சம்பளத்தில் அதே மைக்கின் முன்னால் வேலை. உத்தரவில் இதற்குத் தண்டனை என்று பெயர். அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

அந்த வாரக் கடைசியில் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். வெண்கலத்தின் குரல் அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணா," என்றார் களைத்துப்போய், "சான்றிதழ் குடுத்தாரே அந்தத் தொண்டை டாக்டர், அவர் நிஜமாவே குரல் போற மாதிரி ஏதாவது பண்ணிவிடுவாரா?"