சண்டைக்கு மட்டும் இங்கிலீஷ்

இப்போதெல்லாம் அந்த வீட்டில் சண்டை தமிழில் நடக்கிறது, தொடங்கிய வேகத்தில் முடிந்தும்விடுகிறது. மெக்கானிக்கின் மனைவிக்கு அதில் பெரிய குறை. சண்டையென்றால் அந்தக் காலத்துச் சண்டை என்பாள்.

அப்போது அவள் ஓர் ஓட்டலில் அறைகளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் வரவேற்பு மேஜையில் உட்கார வைப்பதாக முதலாளி சொல்ல, மாலை வகுப்பில் சேர்ந்தாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, பஸ் டிப்போவில் வேலை பார்த்த கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். நகக்கண்ணில் கிரீஸோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த மனுஷன் 'ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்' என்று உருப்போட்டது இன்னும் அவள் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டிலும் பேசிப் பழகுங்கள் என்றார் வாத்தியார். என்னத்தைப் பேசுவது? 'திஸ் இஸ் எ ஸ்பூன்' என்று எத்தனை நாள்தான் ஒருவருக்கொருவர் கரண்டியைக் காட்டிக்கொண்டிருப்பது? அவர்களிடம் தினமும் தவறாமல் இருந்தது சண்டை ஒன்றுதான். ஆகவே சண்டை மட்டும் இங்கிலீஷில் என்று ஏற்பாடு.

அதில் ஒரு வசதி. கோபம் தலைக்கேறி வாயைத் திறந்தால், நடந்தது நேற்றா இன்றா, 'இஸ்' போடுவதா 'வாஸ்' போடுவதா என்று யோசிக்க வேண்டும். யோசித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். அவர் தப்பாகச் சொன்னால் அவள் திருத்துவாள். அவர் சண்டையை மறந்துவிட்டு தப்புக்கு ஸாரி கேட்பார். தமிழில் வாய்நிறைய 'நீங்க' போட்டவள், இங்கிலீஷில் 'யூ' என்று விரலை நீட்டுவதில் தனி ருசி கண்டாள். அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மேஜை கிடைத்தது. அங்கே உட்கார உட்கார அவள் நாக்கு ஓடத் தொடங்கியது. அவருடைய இங்கிலீஷ் வகுப்பில் விட்ட இடத்திலேயே இருந்தது.

பிறகு வேறு ஊரில் புது ஓட்டல் திறந்து, அவளை மேனேஜராகக் கூப்பிட்டார்கள். டிப்போ வேலையை விட்டுவிட்டு வருவீர்களா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். எப்போது கேட்டாலும் பார்க்கலாம்தான். ஓட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் சாயங்காலம், இருவரும் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் வெடித்தாள். தன் உழைப்பு, தன் படிப்பு, அவருடைய சுயநலம், எல்லாம் இங்கிலீஷில் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒரு பிழை இல்லை. எவ்வளவு நன்றாகப் பேசுகிறோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு அப்படியே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா," என்றார். "கொஞ்சம் மெதுவா சண்டை போடேன்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து, பழைய வகுப்பு இங்கிலீஷைத் தேடி எடுத்தாள்.

"ஐ வாண்ட் டு கோ. ஐ ஆம் அஃப்ரெய்ட். யூ கம்."

அவ்வளவு நேரம் கொட்டியதில், தனியாகப் போகப் பயமாயிருக்கிறது என்பதை மட்டும் அவள் சொல்லவே இல்லை.

அவர் சட்டையை மடித்து வைத்தார். உதடு அசைந்தது. சொல்லை மனசுக்குள் கோத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஐ வில் கம்," என்றார்.

பழக்கதோஷத்தில் அவள் தப்பு தேடினாள். திருத்த ஒன்றும் இல்லாமல் போக, அழுகைதான் வந்தது.