வெள்ளிக்கிழமை கொடுத்த காய்ச்சாத பால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். இரண்டு தடவை நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டதோடு மூடி வைத்துவிட்டேன். என் தப்பை என் கையாலேயே எழுத வேண்டுமே என்ற கூச்சம். 

எண்பதுகளில் ஓசூரில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தேன். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மண்ணில் அச்சு எடுக்கிற வேலை. படிப்பு எட்டாவது. எட்டு வீடு வரிசையாக இருந்த லைன் வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டில் இருக்கும் முருகனுக்குப் பால் அபிஷேகம் செய்து, அந்தப் பாலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஊற்றுவேன். அபிஷேகப் பாலை யாரும் காய்ச்சுவதில்லை. பால் வாங்குவது எதிர் வீட்டு அக்காவிடம். தெலுங்குக்காரர், ஒரே ஒரு பசு வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அக்கா ஓடி வந்தார். "அண்ணா, சீக்கிரம் வாங்க! மாட்டுக்குத் தொண்டையில என்னமோ சிக்கிடுச்சு!"

போய்ப் பார்த்தேன். எச்சில் நூல் நூலாக வடிந்தது. குரல் மாறி, விட்டுவிட்டுக் கத்தியது. தொட்டித் தண்ணீரில் வாயை வைக்கும், விழுங்க முடியாமல் எடுத்துவிடும். மாங்கொட்டை அடைத்திருக்கும் என்று நினைத்தோம். முருகா என்று சொல்லி, கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. மண்ணில் வேலை செய்கிற கை, எப்போதும் சிராய்ப்பு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பசு செத்துப்போனது. அதற்கப்புறம்தான் மாட்டு டாக்டர் வந்தார். "நாய் ஏதாவது கடிச்சுதாம்மா?" என்று கேட்டார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசம் இருக்கும் சார். கால்ல லேசாத்தான். மஞ்சள் வச்சேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வாயில கை விட்டது நீங்கதானா? நாளைக்கே ஊசி ஆரம்பிச்சாகணும். தொப்புளைச் சுத்திப் பதினாலு."

"நான் நல்லாத்தானே இருக்கேன் சார்?"

"நல்லா இருக்கும்போதுதான் போடணும். என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். "அப்ப உங்களுக்குப் புரியும்" என்றார். "இந்த வெறிநாய்க்கடிக் கிருமிக்குள்ள ஒரு நூல் மாதிரி இருக்கும், ஆர்.என்.ஏ.ன்னு பேரு. இதை இப்படி இப்படிச் செய்யின்னு அதுல எழுதியிருக்கு. ஆனா எழுதியிருக்கறது தலைகீழா. உங்க மண் அச்சுல மேடு இருக்கற எடத்துல பள்ளம் இருக்குமே, அது மாதிரி. அதை நம்ம உடம்பு செல்லால நேரா படிக்க முடியாது. அதனால வரும்போதே தன்னோட ஒரு மோல்டரையும் கூட்டிட்டு வருது. அவன் முதல்ல அந்த நூலுக்கு எதிர்நூல் எடுக்கறான். அதைப் பார்த்து நம்ம செல்லே அதுக்கு வேண்டிய சாமானெல்லாம் செஞ்சு குடுக்குது. அப்புறம் எதிர்நூலை வச்சே மறுபடி பழைய நூல். ஒண்ணு பத்தாகி, பத்து ஆயிரம்."

"மண்ணு, உலை எல்லாம் யாரோடது சார்?"

"எல்லாம் நம்மளோடதுதான். நூலும் மோல்டரும் மட்டும் அதோடது."

"எடுத்ததைச் சரிபார்க்க இன்ஸ்பெக்ஷன்?"

"கிடையாது. தப்பா எடுத்ததும் வெளிய போகும். அதுல வேலை செய்யறது மேல பெருகும். நரம்புல ஏறி மூளைக்குப் போயிட்டா அப்புறம் மருந்தே இல்லை. அதுக்கு முந்தி உடம்பைத் தயார் பண்றதுக்குத்தான் ஊசி." கிளம்பும்போது கேட்டார்: "இந்தப் பாலைக் காய்ச்சாம யாராச்சும் குடிச்சாங்களா? பால்ல வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"இல்லை சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமைதான் அந்தப் பாலைப் பிள்ளைகள் கையில் ஊற்றியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சாமிக்கு ஊற்றிய பால் ஒன்றும் செய்யாது என்று நெஞ்சு சொன்னது. லைன் முழுக்க என்னைத் திட்டுமே என்ற பயமும் இருந்தது. எது முந்தி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை நான் மட்டும் போய் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அச்சுப் பதிக்கிற மரப் பேட்டர்னை மண்ணிலிருந்து தூக்கும்போது உள்ளே அந்தப் பள்ளம் தெரிந்தது.  இந்நேரம் எந்தப் பிள்ளையின் உடம்புக்குள் எவன் அச்சு எடுத்துக்கொண்டிருக்கிறானோ! அரை நாளில் வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொல்லி அழுதேன். அவளும் அந்தப் பாலைக் குடித்தவள்தான். அவள் அழவில்லை.

"சாமி மேல போடாதீங்க. காய்ச்சாமக் குடுத்தது நாம. உங்களுக்கு ஊசி போட்டுக்கத் தெரிஞ்சுது, வாயைத் திறக்கத் தெரியலையா? எந்திரிங்க."

வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். திட்டினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள், ஆனால் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். நாலாவது வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டில் நாலு வயசுப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை கை நீட்டி வாங்கிக் குடித்தவள். காலை பஸ்ஸிலேயே அஞ்செட்டிக்கு அப்பால் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள்.

மறுநாள் இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அஞ்செட்டியில் இறங்கி, வயிற்று வலியோடு காட்டுப் பாதையில் நடந்தேன். வழியெல்லாம் கந்த சஷ்டி கவசம் சொல்ல நினைத்தேன், பாதியில் மறந்து மறந்து போனது. குழந்தை பலூனோடு ஓடி வந்து, "மாமா, பால் கொண்டாந்தியா?" என்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா நாலு பேர் பார்க்கக் கையை ஓங்கினார். அவர் மனைவி இடையில் வந்தார். "பொறவு அடிச்சுக்கலாம். இப்ப பஸ் போயிரும்."

வெள்ளிக்கிழமை குடித்த பாலுக்குப் புதன்கிழமைதான் அவளுக்கு முதல் ஊசி. அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவர்கள் வாசலில் போய் நிற்பேன். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் வியாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் ஷிஃப்டுக்குப் போவேன். ஒரு நாள் புரை ஏறி இருமினாள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவள் அப்பா மூன்று மாசம் என்னோடு பேசவே இல்லை. ஆனால் டம்ளரை மட்டும் தயாராக எடுத்து வைத்திருப்பார்.

இதற்குள் சேதி எங்கெங்கோ போய்விட்டது. பர்கூரிலிருந்து என் மச்சான் மாலையோடு வந்து இறங்கினார். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். "அட, உக்காந்து தின்னுட்டு இருக்கீங்க! லைன்ல பதினோரு பேர் போயிட்டாங்க, அம்மன் குத்தம்னு சொன்னாங்களே!" என்றார். அம்மன் எங்கிருந்து வந்தாள்? யாரும் சாகவே இல்லையே. அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு குடும்பம் ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு மந்திரிக்கக் கிளம்பியது. வாசலில் மறித்து, காலில் விழுந்து திருப்பினேன்.

வருஷம் ஒன்று முடிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். முருகன் காப்பாற்றினான் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஊசி வழியாகவும், என் மனைவியின் வாய் வழியாகவும் காப்பாற்றினான்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சாவைச் சேர்க்காதீர்கள், அற்புதத்தையும் சேர்க்காதீர்கள். முக்கியமாக, டாக்டர் கேட்டபோது நான் "இல்லை சார்" என்று சொன்னதை என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள்.