வச்சிரச் சட்டியில் ரச வாசனை

நான் மதுரையில் வீட்டிலேயே தச்சு வேலை செய்கிறவன். போன வருடம் என் மனைவிக்கு டைபாய்டு வந்து தணிந்தது. அதன்பிறகும் சாப்பாட்டைக் கண்டாலே அவளுக்குக் குமட்டியது. பிடித்த ரசத்தைக்கூட ஆவி பட்டதும் தள்ளிவிட்டாள். நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள்.

ரசத்தை ஜெல்லி மிட்டாய் போல ஆறவைத்துக் கொடுத்தால் வாசனை தெரியாதே என்று தோன்றியது. கடற்பாசியைக் காய்ச்சி, மிளகு ரசத்தைக் கலந்து தட்டில் ஊற்றினேன். உறைந்ததும் துண்டு போட்டு நிழலில் உலர்த்தினேன். பக்கத்துத் தட்டில் மரம் ஒட்டும் வச்சிரப் பசைத் துண்டுகள், தண்ணீரில் ஊறி மெத்தென்று இருந்தன. இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

ஒரு தட்டை அவளிடம் வைத்துவிட்டு, மற்றதைப் பசைச் சட்டியில் கொட்டிச் சூடேற்றினேன். கமகமவென்று ரசம் மணத்தது.

உள்ளே ஓடினேன். அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"துப்பு தாயி, அது வச்சிரம்!"

நல்லவேளை, விழுங்கவில்லை. துப்பிவிட்டு, "அதான் எம்புட்டு மென்னும் உப்பே தெரியல" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"இம்புட்டு பாடுபட்டுச் செஞ்சிருக்கீக. எப்படிச் சொல்றது?"

மறுநாள் புதிதாகச் செய்ததில் நாலு துண்டு சாப்பிட்டாள்.

இப்போது வச்சிரம் பட்டறை டப்பாவில்தான் ஊறுகிறது. அவளுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் நான் ஒரு வாய் தின்று பார்க்கிறேன். நன்றாக இல்லையென்றால் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். போன வாரம் நான் வைத்த குழம்பை நாக்கில் வைத்ததுமே, "வாயில வைக்க முடியல" என்றாள். எனக்கு அவ்வளவு நிம்மதி.