சித்தேரிக்கு ஒரு மைக்கோடு

சித்தேரி மலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். எடுத்தது தலைமையாசிரியையின் குடைக்குள். குடை இரவல். அவருக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

போனதற்குக் காரணம் எங்கள் பெண்கள் பள்ளியின் வானொலி வகுப்பு. மாணவிகளே தயாரிக்கும் ஐந்து நிமிட நிகழ்ச்சியை ஒலிபரப்பத் திருச்சி நிலையம் சம்மதித்திருந்தது. தலைப்பு மலைச் சாமை. தயாரிப்பாளர் பத்தாம் வகுப்பு மெஹருன்னிஸா. கடைவீதியில் லுங்கி விற்பவரின் மகள். மலைக்காரர் குரல் கிடைக்காவிட்டால், தான் எழுதிய ‘சாமையின் சிறப்புகள்’ என்ற கட்டுரையைத் தானே வாசிப்பதாகத் தலைமையாசிரியை அறிவித்திருந்தார். அதை நான் படித்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் முடியாது.

தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தருமபுரியில் கிளம்பினோம். நான், தையல் டீச்சர், நான்கு மாணவிகள், பேட்டரியில் ஓடும் ஒரு டேப் ரெக்கார்டர். அரூர் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கே பஸ் மாறி மலையடிவாரம். பிறகு நடை. தையல் டீச்சர் வழிநெடுக ஊரிலுள்ள எல்லாக் கல்யாணச் சம்பந்தங்களையும் அலசினார். நான் தடுக்கவில்லை; அவற்றில் இரண்டு எனக்கே புதிது.

மேலே ஆண்களெல்லாம் மைக்கைக் கண்டதும் வேலை இருப்பதாக நழுவினார்கள். ஒரு வயலோரம் நின்ற சின்னப்பாப்பா என்ற பெண்மணி மட்டும் தானாக முன்வந்தாள்.

“ஆயா, சாமை எப்ப வெதைப்பாங்க?” என்றாள் மெஹருன்னிஸா.

“ஆயாவா? உங்க டீச்சருக்கு நான் தங்கச்சி மாதிரி இருக்கறேன், கண்ணு தெரியலயா?” என்றவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு, “மொத மழைக்கு வெதைக்கோணும்!” என்று அலறினாள்.

ரெக்கார்டரில் ஒலியளவு காட்டும் முள் சிவப்பில் முட்டி நின்றது. போட்டுக் கேட்டால் வெறும் கரகரப்பு.

“மெதுவாப் பேசுங்கக்கா. மைக்கு வாய்க்கிட்டதான இருக்குது?”

“உனக்குக் கிட்ட. திருச்சி கிட்டவா இருக்குது? இங்க முனகினா அங்க இருக்கறவங்க காதுல உழுமா?”

விளக்கம் சொன்னேன். பலமாகத் தலையாட்டிவிட்டு முன்னைவிடப் பலமாகக் கத்தினாள். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. என் மனத்தில் தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் என்பது வகுப்பில் நான் நடத்திய பாடம். மெஹருன்னிஸா அதைக் காற்றில் விட்டாள். ரெக்கார்டரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து, “அக்கோவ்! சாமையக் குத்தினா உமி போவுதா?” என்று கூப்பிட்டாள்.

“போவாம? ஒரலுல போட்டு ஓங்கிக் குத்தோணும்டி! உங்க டீச்சரக் குத்தச் சொல்லு, இடுப்பாவது கொறையும்!”

முள் நடுவில் ஆடியது. குரல், காற்று, இடையில் ஓர் ஆடு. எல்லாம் அழகாக விழுந்திருந்தன. என் இடுப்பும்தான்.

போக நினைக்கும் பள்ளிகளுக்கு: எலுமிச்சம்பழம், உபரி பேட்டரி, சொந்தக் குடை. கடைசிப் பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மேலே கடை கிடையாது.

நிகழ்ச்சி ஒலிபரப்பானது. ‘மலையின் அசல் குரல்’ என்றார் அறிவிப்பாளர். மெஹருன்னிஸாவின் அப்பா கடையில் ரேடியோவைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தாராம்.

மறுவாரம் சின்னப்பாப்பாவைப் பள்ளி வாசலில் பார்த்தேன், வளையல் கூடையோடு. சித்தேரியில் இருப்பது அவள் மகள்தான்; தீபாவளிக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தாளாம். சின்னப்பாப்பாவின் வீடு எங்கள் பள்ளிக்குப் பின் தெரு.